பெங்களூரில் ஒரு பெரிய உடும்பு: எது, எங்கே, எவ்வளவு மண்

பெரிய உடும்பு ஒன்றை வளர்ப்பது என்று தீர்மானித்துவிட்டவர்கள் முதலில் கேட்பது, எந்த இனம் சாதுவானது என்பதைத்தான். எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் குடியிருக்கும் தம்பியும் அப்படித்தான் கேட்டார். கோலார் தங்கவயலில் பிறந்து, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளின் ஓரத்தில் உடும்பு ஓடுவதைப் பார்த்து வளர்ந்து, இப்போது ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்ப்பவர் அவர். "அண்ணா, வாங்குவது என்று முடிவாகிவிட்டது, எது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். நான் முறையாகப் பதிவு செய்த ஒரு பால் பைத்தானை (Ball python என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை) வைத்திருப்பவன். வார இறுதிகளில் ஊர்வன மீட்புக் குழு ஒன்றுக்குத் துணையாகப் போகிறவன். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் வருவது இயல்பு. ஆனால் அவருடைய "மட்டும்" என்ற சொல்லுக்குள்தான் முழுச் சிக்கலும் இருந்தது. இனத்தைத் தேர்ந்தெடுப்பது கடைசியில் வரும் வேலை. அதற்கு முன்னால் சட்டமும் தரையும் பெரும்பாலான இனங்களைத் தாமாகவே கழித்துவிடும். அவரிடம் பல மாலைகளில் துண்டுதுண்டாகச் சொன்னதை இங்கே கோவையாக எழுதி வைக்கிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். இந்தியாவில் இயற்கையாக வாழும் உடும்பினங்கள் 4. நம் ஊர்ப்புறங்களிலும் பெங்களூரின் ஏரிக்கரைகளிலும் காணப்படும் வங்காள உடும்பு, கங்கைச் சமவெளியின் மஞ்சள் உடும்பு, ராஜஸ்தான் பக்கத்துப் பாலை உடும்பு, சுந்தரவனம், ஒடிசாவின் பிதர்கனிகா, வடகிழக்கு, அந்தமான் நிக்கோபார் ஆகிய இடங்களில் வாழும் நீர் உடும்பு ஆகிய நான்குமே 1972 ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் எந்த அட்டவணையோ அதே அட்டவணை. குற்றம் நிரூபணமானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதத்தின் கீழ்வரம்பு 2022 திருத்தத்துக்குப் பிறகு 25,000 ரூபாய். வயலில் கிடைத்த குட்டியை எடுத்து வந்தேன், தாய் இறந்துவிட்டது, நான் காப்பாற்றினேன் என்ற விளக்கங்களுக்கு இங்கே இடமில்லை. மீட்ட உயிரை வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் பலரும் தடுக்கி விழுவது நீர் உடும்பு விஷயத்தில். உலகெங்கும் பெரிய உடும்பு வளர்ப்போர் மிகவும் விரும்பும் இனம் இதுதான். கூர்மையான அறிவும், ஆளை அடையாளம் கண்டு பழகும் தன்மையும், கரும்பளபளப்பில் மஞ்சள் புள்ளி வரிசைகளும் சேர்ந்து, காணொளிகளில் அது ஒரு நாயைப் போலவே வளைய வருகிறது. கொமோடோ உடும்புக்கு அடுத்தபடியாக எடை மிகுந்த பல்லியினம் அது. இலங்கையின் கண்டியில் அளந்த ஒன்று 3.21 மீட்டர் நீளம் இருந்தது. இந்தோனேசியாவிலோ அமெரிக்காவிலோ பண்ணையில் பொரித்த குட்டிதானே, நம் காட்டிலிருந்து பிடித்தது இல்லையே என்று தம்பி வாதாடினார். சட்டம் இனத்தின் பெயரைப் பார்க்கிறது. பிறந்த ஊரைப் பார்ப்பதில்லை. முதல் அட்டவணையில் பெயர் இருக்கும் உயிர், கூண்டிலேயே பிறந்திருந்தாலும் அந்த அட்டவணைக்குட்பட்டதே. ஆகவே வளர்ப்புக்கு மிகவும் ஏற்ற பெரிய உடும்பு எதுவோ, அதுவே இந்தியாவில் வளர்க்கக் கூடாத உடும்பாகவும் அமைந்துவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும் சட்டம் தவறு என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் பண்ணைக் குட்டி எது, சதுப்பு நிலத்தில் பிடித்த குட்டி எது என்று பார்த்த மாத்திரத்தில் எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது.

இவ்வளவு கடுமை எதற்கு என்று கேட்பவர்கள், உடும்பின் உடம்பில் மனிதன் விலை வைக்காத பகுதி எது என்று யோசித்துப் பார்க்கலாம். கறியும் கொழுப்பும் ஒருபுறம். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த கஞ்சிராவுக்கு உடும்புத் தோலே முகமாக இருந்தது. இன்று ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன, நாதம் குறைகிறது என்று வித்வான்கள் குறைபட்டாலும். 2017 இல் வெளிப்பட்டது இன்னும் விசித்திரமானது. வீட்டுக்குச் செல்வம் தரும் அரிய வேர் என்று சொல்லி "ஹத்தா ஜோடி" என்ற பெயரில் இணையத்திலும் பூசைக்கடைகளிலும் விற்றுவந்த பொருள், உண்மையில் ஆண் உடும்பின் உலர்ந்த பிறப்புறுப்பு என்பது ஆய்வில் தெரியவந்தது. வாங்கியவர்களில் பலர் சுத்த சைவர்கள் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இனி அயல்நாட்டு இனங்கள். 2022 திருத்தத்தின் வழியாக, பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டீஸின் பட்டியல்கள் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. உடும்புப் பேரினத்தில் கொமோடோ உள்ளிட்ட சில இனங்கள் சைட்டீஸின் முதல் பின்னிணைப்பிலும், மற்ற அனைத்தும் இரண்டாம் பின்னிணைப்பிலும் இருப்பதால், எந்த அயல் உடும்பையும் பதிவின்றி வைத்திருக்க முடியாது. 2024 பிப்ரவரி இறுதியில் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும் குட்டி பொரித்தாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவர் "பேப்பர் எல்லாம் இருக்கு சார்" என்பார். அந்தத் தாளில் எந்த விலங்கின் பெயர் இருக்கிறது, யார் பெயரில் பதிவு இருக்கிறது, முதலில் நாட்டுக்குள் எப்படி வந்தது என்ற மூன்றையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பதே தம்பிக்கு நான் போட்ட முதல் நிபந்தனை. தேவனஹள்ளி விமான நிலையத்தில் பாங்காக் விமானங்களின் பயணப்பெட்டிகளிலிருந்து சுங்கத்துறையினர் ஊர்வனவற்றைக் கைப்பற்றும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. 2023 செப்டம்பரில் ஒரே பறிமுதலில் 72 பாம்புகளும், மூச்சுத் திணறி இறந்த 6 குரங்குகளும் இருந்தன. அப்படி வந்து பிடிபடாமல் போனவற்றுக்கும் யாரோ தாள் தயாரித்துக் கொண்டுதான் இருப்பார்கள்.

சட்டத்தைத் தாண்டி வந்தால் நிற்பது விலங்கின் உடலியல். உடும்பைப் பெரிய பல்லி என்று எண்ணித் தொடங்குவதால்தான் பாதித் தவறுகள் நேர்கின்றன. பெரும்பாலான பல்லிகளால் ஓடும்போது சரியாக மூச்சிழுக்க முடியாது, ஏனெனில் விலா தசைகளே ஓட்டத்துக்கும் சுவாசத்துக்கும் பயன்படுகின்றன. உடும்பு தொண்டையை உப்பி, அதையே ஒரு பம்பாக்கி, நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டே ஓடும். இதை 1999 இல் சோதனையில் காட்டினார்கள். பறவைகளுக்கு இருப்பதைப் போல நுரையீரலுக்குள் காற்று ஒரே திசையில் ஓடும் அமைப்பு சவானா உடும்புக்கு இருப்பதும் பின்னர் தெரியவந்தது. நாள் முழுதும் நடந்து, முகர்ந்து, தோண்டி, இரை தேடும் வாழ்க்கைக்காக அமைந்த உடல் இது. அந்த உடல் இயங்குவதற்கு 35, 36 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதை அடைவதற்கு 50 டிகிரிக்கு மேல், சில இனங்களுக்கு 60 டிகிரி வரை, மேற்பரப்பு சூடேறிய ஓரிடம் வெயில் காய்வதற்கு இருக்க வேண்டும். அதே கூண்டின் மறுமுனை 25 டிகிரி அளவில் குளிர்ந்திருக்கவும் வேண்டும். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இந்த வேறுபாடு நிற்க வேண்டுமானால் கூண்டு நீளமாக இருந்தே தீர வேண்டும். நீளம் என்பது அழகுக்காகச் சொல்வதில்லை.

பெங்களூரில் இது இரட்டைச் சிக்கல். கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். மார்கழி, தை இரவுகளில் 15 டிகிரிக்கு இறங்கும். சென்னையில் மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் தப்பிவிடும் ஓர் உயிர், இங்கே அல்சூரின் ஒரு வடக்குப் பார்த்த அறையில் மாதக்கணக்கில் அரைகுறைச் சூட்டிலேயே கிடக்கும். இரை வயிற்றில் செரிக்காமல் தங்கும். அசையாமல் கிடப்பதைப் பார்த்து உரிமையாளர் "எவ்வளவு சாது பாருங்கள்" என்பார். சாது என்று பெயர் வாங்கிய வளர்ப்பு உடும்புகளில் கணிசமானவை உண்மையில் குளிரில் விறைத்தவை அல்லது கொழுப்பேறி நடக்க முடியாதவை என்பது என் கணிப்பு.

ஒயிட்ஃபீல்டு அடுக்ககம் ஒன்றில் அப்படியொரு சவானா உடும்பைப் பார்த்தேன். மீன்தொட்டியைப் போன்ற கண்ணாடிப் பெட்டி, அடியில் செய்தித்தாள், மூலையில் ஒற்றைக் குமிழ் விளக்கு. வால் அடியில் கொழுப்பு மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. தொடைக்கு மேலே தோல் பழுப்பு நிறத்தில் பொசுங்கியிருந்தது, ஒற்றை விளக்கு முதுகின் ஓரிடத்தை மட்டும் சுட்டதால். விரல் நுனிகளில் உரியாத பழைய தோல் வளையங்களாக இறுகி, இரண்டு நகங்கள் விழுந்துவிட்டிருந்தன. கையில் எடுத்தபோது அது சீறவில்லை, நாக்கைக்கூட நீட்டவில்லை. நலமாக இருக்கும் உடும்பு புதியவர் ஒருவர் அறைக்குள் வந்தால் முதலில் நாக்கை நீட்டித்தான் அவரை விசாரிக்கும். வாரம் இரண்டு வெள்ளெலி கொடுக்கிறேன், குறையொன்றும் வைக்கவில்லை என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னது உண்மை. குறை அங்கேதான் இருந்தது.

சவானா உடும்பு மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்தது. கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து குட்டிகளாக உலகச் சந்தைக்கு வருகிறது. "பண்ணைக் குட்டி" என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும், சினையான பெண் உடும்புகளையோ முட்டைகளையோ காட்டிலிருந்து தோண்டியெடுத்துப் பொரிக்க வைப்பதுதான். வீட்டில் இனப்பெருக்கம் செய்யப்பட்டவை மிக அரிது. கானாவின் விளைநிலங்களில் ஆய்வு செய்தவர்கள், இதன் குஞ்சுகள் பெரிய வெட்டுக்கிளியினப் பூச்சிகளின் வளைகளில் தங்கி அந்தப் பூச்சிகளையே தின்று வளர்வதைக் கண்டார்கள். வளர்ந்த பிறகும் அதன் உணவு வண்டு, மரவட்டை, நத்தை என்ற வரிசைதான், எலி எப்போதாவது. ஒரு மீட்டருக்குச் சற்று கூடுதலாக மட்டுமே வளர்வதாலும் விலை குறைவாக இருப்பதாலும் "முதன்முதலாக உடும்பு வளர்ப்போருக்கு ஏற்றது" என்று விற்கிறார்கள். என் கருத்தில் இது தலைகீழான அறிவுரை. பூச்சியுணவை மூட்டை மூட்டையாக வளர்த்துக் கொடுக்கவும், ஈரம் காக்கும் ஆழமான மண்ணைப் பேணவும் தெரிந்தவருக்கு மட்டுமே இது தேறும். பெட்டிகளில் வாழும் சவானா உடும்புகள் சில ஆண்டுகளிலேயே ஈரல் கொழுப்பாலும் மூட்டு யூரிக் அமிலத்தாலும் சாவதற்கு, மெல்லக் கொல்லும் நீர்வறட்சி முக்கியக் காரணம்.

இங்கே மண் வந்துவிட்டது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வையுங்கள்.

நிலத்தில் வாழும் பெரிய உடும்புகள் எல்லாமே வளை தோண்டுபவை. வளைக்குள்ளே காற்றின் ஈரப்பதம் கூடுதலாக இருப்பதால்தான் வறண்ட நிலத்திலும் அவை உடம்பின் நீரை இழக்காமல் வாழ்கின்றன. பெண் உடும்புக்கு அதைவிட அவசியம். ஆண் இல்லாமலே அவளுக்குள் முட்டை உருவாகும், இடுவதற்கு மனத்துக்கு ஒத்த மண் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தேங்கிச் சாவாள். குட்டியாக வாங்கும்போது ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்வது கடினம் என்பதால், எல்லாரும் பெண் என்று எண்ணியே ஏற்பாடு செய்ய வேண்டும். வட ஆஸ்திரேலியாவில் மஞ்சள் புள்ளி உடும்பான பனோப்டிஸின் முட்டைக்குழிகளைத் தோண்டிப் பார்த்த ஆய்வாளர்கள், அவை திருகுபோலச் சுழன்று சுழன்று 3 மீட்டருக்கும் கீழே இறங்குவதைக் கண்டார்கள். அந்த ஆழத்தை யாரும் வீட்டில் கொடுக்க முடியாது. வளர்ப்போர் பட்டறிவில் ஒத்துக்கொண்ட குறைந்தபட்சம் 60 சென்டிமீட்டர்.

60 சென்டிமீட்டர் ஈர மண் எவ்வளவு கனம் என்று கணக்குப் போடுங்கள். ஒரு கன மீட்டர் ஈரச் செம்மண்ணும் மணலும் கலந்த கலவை ஏறத்தாழ 1,500 கிலோ. ஆக, கூண்டு சிறியதோ பெரியதோ, தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் 900 கிலோ உட்காரும். குடியிருப்பு அறைகளின் தரை தாங்க வேண்டிய பயன்பாட்டுச் சுமையாக இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 வைத்திருப்பது சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. பொறியாளர்கள் பாதுகாப்புக்காகக் கூடுதல் வலு வைத்திருப்பார்கள் என்பது மெய்தான். நாலரை மடங்குக்கு வைத்திருக்க மாட்டார்கள். மண்ணை 20 சென்டிமீட்டராகக் குறைத்தாலும் 300 கிலோ வந்துவிடுகிறது. மொட்டைமாடிக்கான அளவு இன்னும் குறைவு. தம்பி இதைக் கேட்டுக் கைபேசியில் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் மூன்றாம் தளத்தில் உடும்பே கிடையாது" என்றார். நிலத்தில் தோண்டி வாழும் பெரிய உடும்பு கிடையாது என்பதே சரி. எந்த இனம் என்ற கேள்வி, எந்த வீடு என்று மாறியது அந்த மாலையில்தான்.

மண் வேண்டாத, மரத்தில் வாழும் பெரிய உடும்பு இல்லையா என்றால் இருக்கிறது. நியூ கினித் தீவின் முதலை உடும்பு. உடம்பைப் போல இரண்டு மடங்கு வால், நீண்ட வளைந்த பற்கள், இரண்டரை மீட்டர் நீளம். அறையின் கூரை உயரம் முழுவதும் அதற்கு வேண்டும். அது கடித்தால் தையல் போடும் மருத்துவர் நரம்பையும் தசைநாணையும் தேட வேண்டியிருக்கும். உயிரியல் பூங்காக்கள் வைத்துக்கொள்ளட்டும்.

நைல் உடும்பையும் அதே மூச்சில் கழித்துவிடலாம். முதலையின் கூட்டில் புகுந்து முட்டை திருடும் துணிச்சல்காரன். இரண்டு மீட்டர் வளர்ந்த பிறகும் ஆளைக் கண்டால் வாலைச் சுழற்றுவதை நிறுத்தாது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், கேப் கோரல் ஊரின் கால்வாய்களில் இன்று காட்டு விலங்காகவே பெருகியிருக்கிறது. வளர்ப்பு வணிகத்திலிருந்து தப்பியவையும் கைவிடப்பட்டவையும்தான் அதற்கு மூலம். பெல்லந்தூரிலோ வர்த்தூரிலோ அப்படி ஒன்று நடந்தால் நம் உள்ளூர் உடும்புக்கு என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்கு விருப்பமில்லை.

நியூ கினியின் ஆர்கஸ் உடும்பு, பனோப்டிஸின் ஒரு துணையினம், மேலும் சிந்திக்கத்தக்கது. பின்னங்கால்களிலும் வாலிலும் ஊன்றி நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் பார்க்கும் அதன் தோரணைக்காகவே மனம் பறிகொடுத்தவர்களை அறிவேன். பழகவும் செய்யும். ஆனால் அதன் பசி அடங்காத பசி. உணவு நேரத்தில் அதற்கு இரை எது, விரல் எது என்ற வேறுபாடு மறந்துபோகும், நீண்ட இடுக்கி இல்லாமல் கூண்டைத் திறக்கவே கூடாது. தோண்டுவதிலும் அதுவே முதல்வன். நாள் முழுதும் வீட்டிலிருந்து கவனிக்கக்கூடியவருக்கு நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காலையில் எட்டு மணிக்குக் கிளம்பி, வெளிவட்டச் சாலை நெரிசலைத் தாண்டி இரவில் திரும்புபவருக்கு வேண்டாம்.

எஞ்சுவது வெண்தொண்டை உடும்பும், அதன் தான்சானிய வடிவமான கருந்தொண்டை உடும்பும். தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட மரக்காடுகளில் வாழும் இவற்றை முன்பு சவானா உடும்பின் துணையினமாகவே வகைப்படுத்தியிருந்தார்கள், பிறகுதான் தனி இனமாகப் பிரித்தார்கள். அதனால் சில விற்பனையாளர்கள் இன்றும் இரண்டையும் குழப்பி, சவானாவைக் கருந்தொண்டை விலைக்கு விற்கிறார்கள். குட்டியாக இருக்கும்போதே தொண்டையின் கருமையையும், தலை நீண்டு மூக்கு உருண்டு புடைத்திருப்பதையும் பார்த்து வேறுபடுத்தலாம். ஒன்றரை மீட்டருக்கு வளரும், 6 முதல் 8 கிலோ வரை நிற்கும். அதைவிடப் பெரியதும் உண்டு. நமீபியாவின் எட்டோஷாவில் இவற்றைப் பின்தொடர்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், ஈரப்பருவத்தில் நத்தையும் வண்டும் பிற இரையுமாகத் தின்று தீர்த்து உடம்பு தேற்றிக்கொண்டு, வறண்ட மாதங்களில் ஏறக்குறைய உண்ணாமலே கழிக்கின்றன. ஒவ்வோர் உடும்பும் சுற்றும் பரப்பு பல சதுர கிலோமீட்டர். இதிலிருந்து வளர்ப்பவர் பெற வேண்டிய பாடங்கள் இரண்டு. வருடம் முழுதும் ஒரே அளவில் ஊட்டக் கூடாது. கூண்டு எவ்வளவு பெரியதானாலும் அதற்குச் சிறியதே என்பதால் தினமும் உள்ளே தேடவும் தோண்டவும் ஏதாவது வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சட்டப்படி வைத்திருக்கக் கூடிய பெரிய உடும்புகளில் எதைச் சொல்வீர்கள் என்று கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால், கருந்தொண்டையையே சொல்வேன். பயம் தெளிந்த பிறகு அது நிதானமானது. சினத்தை மறைக்காது: தொண்டை உப்பும், உடல் தட்டையாகும், வால் வில்லாக வளையும், அந்த அறிவிப்புக்குப் பிறகுதான் அடி விழும். இரை விஷயத்தில் ஆர்கஸின் வெறி இல்லை. பூச்சியும் நத்தையும் தவிர எலி, கோழிக்குஞ்சு, முட்டை எல்லாவற்றையும் ஓரளவு தாங்கும் வயிறு. குறை என்னவென்றால் கிடைப்பது அரிது. தான்சானியா 2016 இல் உயிருள்ள காட்டுயிர்களின் ஏற்றுமதியை நிறுத்தியது. ஆகவே இன்று வரும் குட்டி யாரோ ஒருவர் கூண்டில் வளர்த்துப் பொரித்ததாக இருக்க வேண்டும், அதற்கான சங்கிலித்தொடர் தாளில் இருக்க வேண்டும். விலையும் அதற்கேற்ப ஏறும். ஏறட்டும் என்பேன். விலை குறைந்த உடும்புதான் முதலில் தெருவுக்கு வருகிறது.

விலங்கின் விலையைவிட மற்ற செலவே பெரிது. உடும்பின் நீளத்தைப் போல இருமடங்கு நீளம், அதன் நீளத்துக்குச் சமமான அகலம் என்பது தோராயமான கணக்கு. ஒன்றரை மீட்டர் உடும்புக்கு 3 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர், அதற்குள் 4 டன் மண். ஒற்றை விளக்குக்குப் பதில் 75 வாட் ஹாலஜன் விளக்குகள் நான்கை நெருக்கமாக வைத்தால் உடல் முழுதும் ஒரே சீராகக் காயும். 12 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு 3.6 யூனிட், மாதத்துக்கு 110 யூனிட்டை ஒட்டி வரும். இத்துடன் புற ஊதா விளக்கு தனி. மின்வெட்டுக்கு வீட்டு இன்வெர்ட்டர் இரண்டொரு மணி நேரம் தாங்கினால் போதும். ஈர மண்ணே வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரைக்கு டூபியா கரப்பான்களைத் தானே வளர்ப்பது மலிவு, வீட்டில் பெண்கள் ஒப்புக்கொண்டால். தம்பியின் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சிவாஜிநகரில் கோழிக்கடையில் கிடைக்கும் கழுத்தும் ஈரலும் எப்போதாவது கொடுக்கலாம். எலும்பில்லாத கறித்துண்டை மட்டும் கொடுத்து வளர்த்தால் கால்சியம் இன்றித் தாடை இளகிவிடும். ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர்கள் பெங்களூரில் விரல்விட்டு எண்ணக் கூடிய அளவே இருக்கிறார்கள். நோய் வந்த பிறகு தேடாமல், வாங்குவதற்கு முன்பே ஒருவரைப் பார்த்துப் பேசிவைப்பது நல்லது. சால்மோனெல்லாக் கிருமி எந்த ஊர்வனவற்றிலும் இருக்கலாம் என்பதால், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். ஆயுள் 15 ஆண்டுக்கு மேல். இப்போது 27 வயதில் வாங்குபவர் திருமணம், குழந்தை, வெளிநாட்டு மாற்றல் எல்லாவற்றையும் இந்த உடும்போடு சேர்த்தே திட்டமிட வேண்டும்.

வலிமையையும் சொல்லிவிட வேண்டும். ஹெப்பாள் பக்கம் ஒரு வீட்டின் மோட்டார் அறைக்குள் புகுந்துவிட்ட உள்ளூர் உடும்பை எடுக்க மீட்புக் குழுவோடு போயிருந்தேன். ஒரு மீட்டர்கூட இருக்காது. சுவருக்கும் குழாய்க்கும் நடுவிலிருந்த சிமெண்டு வெடிப்பில் முன்னங்கால் நகங்களைச் செருகி, உடம்பை ஊதிப் பெருக்கி அந்த இடைவெளியில் தன்னை ஆப்பாக இறுக்கிக்கொண்டது. வாலைப் பிடித்து இழுத்தால் நகம் பிய்ந்து வருமே தவிர உடும்பு வராது. விளக்கை அணைத்து, கதவைத் திறந்துவைத்து, எல்லாரும் வெளியே போய் நின்றோம். அது தானாகவே பிடியைத் தளர்த்தி, நாக்கால் வாசலை ஆராய்ந்து, வைத்திருந்த சாக்குக்குள் நுழைந்தது. வளர்க்கும் உடும்பையும் இப்படித்தான் பழக்க வேண்டும். பிடித்துப் பழக்கும் உடும்பு பிடிக்கு அஞ்சவே பழகும். கையை உள்ளே வைத்துவிட்டு அதுவாக வந்து முகரும்வரை காத்திருக்கத் தெரிந்தவருக்கு, சில மாதங்களில் தோளில் ஏறும்.

தம்பிக்குத் தாய்மாமா ஒருவர் லிங்கராஜபுரத்தில் இருக்கிறார். ஓட்டுக்கூரை போட்ட பழைய தனிவீடு, பக்கவாட்டில் கார் நிற்காத கார் கொட்டகை. தரை நேரடியாக நிலத்தின் மேலேயே இருப்பதால் சுமையைப் பற்றிய கவலை இல்லை. மாமா முதலில் "உடும்பா, எதுக்குடா?" என்று கேட்டார், மின்கட்டணத்தைத் தம்பியே கட்டுவதாகச் சொன்ன பிறகு இறங்கி வந்தார். உடும்பு வருவதற்கு முன்பே கூண்டைக் கட்டி, மண் நிரப்பி, விளக்குகளை எரியவிட்டு, வெறுமையாக ஒரு மழைக்காலத்தையும் ஒரு குளிர்காலத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் நிபந்தனைகளில் கடைசி. நீர் தாங்கும் மரைன் ஒட்டுப்பலகையில் கட்டி, உட்புறம் எபாக்சி பூசி, செம்மண்ணும் ஆற்றுமணலுக்குப் பதிலாக எம்-சாண்டும் கலந்து நிரப்பியிருக்கிறோம். கைப்பிடி மண்ணை அள்ளி இறுக்கினால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உடைய வேண்டும். அந்தப் பதத்தில்தான் வளை இடிந்து விழாமல் நிற்கும்.

இப்போதைய அளவீடுகளில் வெயில் காயும் பலகை 58 டிகிரிக்குப் போகிறது, மறுமுனை 25 இல் நிற்கிறது, அடிமண் நாள் முழுதும் 23 ஐ விட்டு அசையவில்லை. ஈரம்தான் உதைக்கிறது. மேலே கம்பிவலை போட்டிருப்பதால் விளக்கின் சூடு ஈரத்தையெல்லாம் மேலே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஜூலை மழையிலும் மேல்மண் புழுதியாகிறது. வலையை எடுத்துவிட்டு முழுப்பலகையால் மூடி, காற்றுக்குப் பக்கவாட்டில் இரண்டு சிறிய துளைகளை மட்டும் விடுவதாக முடிவு செய்திருக்கிறோம். கருந்தொண்டைக் குட்டி இருப்பதாகச் சொன்ன விற்பனையாளரிடம் பதிவுச் சான்றின் நகலைக் கேட்டிருக்கிறார் தம்பி. முன்பணம் அனுப்பினால் நகலும் அனுப்புவதாக அவர் பதில் எழுதியிருக்கிறார். வேறு ஆளைத் தேடச் சொல்லிவிட்டேன்.